ஆவணிக் கிணற்றில் தொடங்கும் கணக்கு: வன்னி வளவுக்கு அடுத்த ஆண்டுப் பயிர்த் திட்டம்

அடுத்த ஆண்டு வீட்டுத்தோட்டத்தில் என்ன நடுவது என்ற யோசனை விதைக்கடையில் தொடங்கினால் பங்குனிக்குள் தோட்டம் காய்ந்துவிடும். இலங்கையின் வடக்கே உள்ள எங்கள் வன்னியில் அது கிணற்றடியில் தொடங்க வேண்டும், அதுவும் ஆவணி மாதத்தில். ஆண்டிலேயே நீர்மட்டம் மிகக் கீழே கிடக்கும் காலம் அதுதான். அந்த நாட்களில் கிணறு எவ்வளவு தருகிறதோ, அந்த அளவுக்குத்தான் கோடையில் தாக்குப்பிடிக்கும் தோட்டம் அமையும். ஐப்பசிக்குப் பிறகு கிணறு கட்டுவரை நிரம்பியிருப்பதைப் பார்த்துப் போடும் கணக்கு பிழைத்துப் போகும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை வைத்து ஆடியில் விதை போடச் சொல்லும் காணொளிகள் நிறைய வருகின்றன. அது தமிழ்நாட்டு மழைக்கு ஏற்ற சொல். எங்கள் பக்கம் ஆடியில் சோழகம் எனும் தென்மேற்குக் காற்று அடித்து மண் பாறையாகக் கிடக்கும். எங்கள் பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழிவரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை. சித்திரையில் சிறுமழை வந்தாலும் வரும், வராமலும் போகும். ஆகவே வன்னித் தோட்டத்தின் ஆண்டு புரட்டாதியில் பிறந்து ஆவணியில் முடிகிறது.

கிணற்றை அளக்கும் முறை

ஒரு கயிற்றில் கல்லைக் கட்டி, காலையில் ஒருவரும் தண்ணீர் அள்ளுவதற்கு முன், கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதுங்கள். வழமைபோல அன்றைய இறைப்பை முடித்தவுடன் மறுபடி அளக்க வேண்டும். மறுநாள் காலை இன்னொருமுறை. இரவுக்குள் எத்தனை அங்குலம் ஏறியிருக்கிறதோ அதுதான் கிணற்றின் நாளாந்த ஊற்று. தொடர்ந்து 3 நாட்கள் அளந்து, அவற்றில் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

அதை லீற்றராக்க ஓர் எளிய கணக்கு உண்டு. வட்டக் கிணறானால் விட்டத்தை அடியில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 22ஆல் பெருக்கினால் ஓர் அடி உயர நீரின் லீற்றர் அளவு வரும். 10 அடி விட்டமானால் 2200 லீற்றர். ஆவணியில் ஓரிரவில் 4 அங்குலம் மட்டும் ஏறுகிறது என்றால் நாளுக்குக் கிடைப்பது 730 லீற்றர் அளவு.

இனி செலவு. ஐந்து பேர் உள்ள வீட்டில் குளிக்க, தோய்க்க, சமைக்க 500 லீற்றர் போகும். மிச்சம் 230. அரிசி, மரக்கறி கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீருமாகத் திரும்பக் கிடைப்பது ஒரு 100 என்று வைத்தால் 330. வளவில் 5 வாழை நின்றால், அடிக்கு 20 லீற்றர் வீதம் 100 கழியும். மரக்கறிக்கு மிஞ்சுவது 230 லீற்றர். கோடை வெயிலில் மரக்கறிப் பாத்திக்கு ஒரு சதுர மீற்றருக்கு நாளொன்றுக்கு 6 லீற்றர் தேவை. 3 அடி அகலம், 20 அடி நீளமான ஒரு பாத்தி 5½ சதுர மீற்றர் வரும். அதற்கு 33 லீற்றர், அதாவது மூன்று வாளிக்குச் சற்று மேல். எனவே இந்த வீட்டுக்குக் கோடையில் ஏழு பாத்தி கணக்கில் வரும். ஐந்தோடு நிறுத்துங்கள். மின்சாரம் நிற்கும் நாளும் மோட்டர் பழுதாகும் நாளும் ஆடியில்தான் மிகவும் வலிக்கும்.

மழைக்காலத்துக்கு இந்தக் கட்டுப்பாடு கிடையாது. அப்போது 15 பாத்தி போட்டாலும் தண்ணீர் காணும். ஆனால் மாசிக்குப் பிறகு எந்தப் பத்துப் பாத்தியைக் கைவிடுவது என்பதை இப்போதே முடிவு செய்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பதினைந்துக்கும் அரைகுறையாக இறைத்து, ஒன்றிலும் காய் பிடிக்காமல் போகும்.

சவர்க்காரத் தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் மட்டும் விடுங்கள். கீரைப் பாத்திக்கு வேண்டாம். பூநகரி, முல்லைத்தீவுக் கரையோரம் போன்ற இடங்களில் கோடையில் கிணறு உவர்க்குமானால் அந்தக் காலத்தில் வெங்காயம், மிளகாய், போஞ்சி வைக்காதீர்கள். இலை ஓரம் தீய்ந்து வளர்ச்சி நின்றுவிடும். அங்கே மழைக்காலம்தான் மரக்கறிக்காலம். தென்னையும் பீற்றூட்டும் உவரை ஓரளவு தாங்கும்.

ஒரே பாத்தி, இரண்டு உருவம்

வன்னியின் பெரும்பகுதியில் உள்ள செங்கபில மண் காய்ந்தால் அலவாங்குக்கும் அசையாது. நனைந்தால் மண்வெட்டியில் ஒட்டும். முதல் மழைக்குப் பின் இரண்டு மூன்று நாட்களே கொத்தப் பதமாக இருக்கும். ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் அழுத்திப் பாருங்கள். உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிர்ந்தால் அதுதான் பதம். பிதுங்கினால் பொறுக்க வேண்டும். ஈரத்தோடு கொத்திய மண் காய்ந்ததும் கட்டிகட்டியாகி அந்தப் போகம் முழுவதும் அப்படியே கிடக்கும்.

மழைக்காலத்தில் பாத்தியை அரை அடி முதல் முக்கால் அடிவரை உயர்த்தி, இரு பாத்திக்கிடையே ஓரடி அகலத்தில் வாய்க்கால் வெட்டுங்கள். கார்த்திகையில் விடாமல் மூன்று நாள் மழை பெய்தால் மிளகாய் வேருக்கு மூச்சு முட்டும். நீர் வடிந்தபின் செடி பச்சையாகவே நின்று, வெயில் எறித்த அன்று வாடிப்போவது இதனால்தான். தையில் மழை விட்டதும் அதே பாத்தியின் மண்ணை ஓரத்துக்கு இழுத்து வரம்பு கட்டி, நடுப்பகுதியை நாலு விரல் தாழ்த்த வேண்டும். அப்போது இறைக்கும் தண்ணீர் வெளியே ஓடாது. மேலே மூன்று விரல் கனத்துக்கு வைக்கோலோ சீமைக்கிளுவை (கிளிரிசிடியா) இலையோ பரப்புங்கள். உயர்த்திய பாத்தியிலேயே கோடைக்கும் இறைத்தால் தண்ணீரில் பெரும்பங்கு வாய்க்காலுக்குள் போகும்.

முல்லைத்தீவுப் பக்கத்து மணலுக்கு உயரம் அவ்வளவு தேவையில்லை, எரு இரட்டிப்பாகத் தேவை. முருங்கன் பக்கத்துக் கருங்களியில் மறுதலை: உயரம் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது.

எந்த மாதம் எது

ஒரு கொப்பியில் வளவின் படத்தைக் கீறி, வீடு, கிணறு, மரங்கள், மாலை நிழல் விழும் பக்கம், மழைநீர் ஓடும் வழி எல்லாவற்றையும் குறியுங்கள். மரக்கறிக்கு நாளுக்கு 6 மணி நேர வெயில் வேண்டும். தென்மேற்குப் பக்கம் சோழகத்தை மறிக்கச் சீமைக்கிளுவை, பூவரசு, அகத்தி ஆகியவற்றை நெருக்கமாக நடலாம். ஆனால் அவற்றுக்கும் பாத்திக்கும் இடையே குறைந்தது 6 அடி விடுங்கள்; வேர் பாத்தியின் எருவைத் தேடி வரும்.

ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாதி நடுப்பகுதிக்குள் மிளகாய், கத்தரி நாற்றுமேடை போட்டாக வேண்டும். அதற்கு முன் அந்த மேடையை நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் பொலித்தீனால் மூடி, ஓரங்களை மண்ணால் அமர்த்தி, 3 கிழமை வெயிலில் விடுங்கள். நாற்றழுகலும் களை விதையும் பெருமளவு குறையும். 4 விரல் இடைவெளியில் கோடு கீறி, அரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் விதையிட்டு வைக்கோலால் மூடுங்கள். கத்தரி ஒரு கிழமையில் முளைக்கும். மிளகாய்க்குப் பத்து நாள்வரை போகும். முதல் முளை தலைகாட்டிய அன்றே வைக்கோலை எடுக்க வேண்டும். இரண்டு நாள் பிந்தினால் நாற்று நூலாக நீண்டு, நட்ட இடத்தில் சாயும். தண்ணீர் காலையில் தெளியுங்கள். மாலையில் தெளித்து இரவு முழுக்க ஈரம் நின்றால் தண்டு நிலமட்டத்தில் அழுகி நாற்றுகள் கூட்டமாக விழும். கத்தரி 25 முதல் 30 நாளில் நடுகைக்கு வரும், மிளகாய் ஐந்து கிழமைக்குள்.

ஐந்து பேருக்குக் கத்தரி 10 அடி போதும். 3 அடிப் பாத்தியின் நடுவே ஒரே வரிசையாக 2 அடிக்கு ஒன்று நட்டால் ஒரு பாத்தி நிறையும். மிளகாய் 25 அடி: ஒரு பாத்தியில் இரு வரிசை, ஒன்றரை அடிக்கு ஒன்று. ஐப்பசி முதற்பாதியில் இவை நிலத்தில் இருக்க வேண்டும். கார்த்திகைப் பெருமழைக்கு முன் வேர் பிடித்த செடி நிற்கும். பெருமழைக்குள் நட்டது நிற்காது. கத்தரியில் நுனித்தண்டு வாடித் தொங்கினால் உள்ளே தண்டு துளைப்பான் புழு இருக்கிறது. வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வெட்டி எரியுங்கள். விட்டால் அடுத்து காய்க்குள் போகும். மாசியில் காய்ப்பு ஓய்ந்ததும் நிலத்திலிருந்து ஓரடியில் வெட்டி, எருவிட்டு இறைத்தால் கத்தரி மறுபடி தளிர்த்துக் கோடையிலும் காய்க்கும். கோடையின் ஐந்து பாத்தியில் ஒன்றை இதற்கு ஒதுக்குவது நல்லது.

பயற்றை, வெண்டி, பாகல், புடோல், பீர்க்கு, பூசணி எல்லாம் நேரே விதைப்பவை. புரட்டாதிக் கடைசியில் முதல் மழை விழுந்ததும் போடுங்கள். வெண்டி 45 முதல் 50 நாளில் காய்க்கத் தொடங்கும். ஒரே நாளில் நாற்பது விதை போட்டால் இரண்டு கிழமை வெண்டிக்காய் மலிந்து, பிறகு முற்றிப் போகும். மூன்று கிழமைக்கு ஒருமுறை 12 விதை போதும். பந்தற் கொடிகளுக்கு 5 அடிக்கு ஒரு குழி, பூசணிக்கு 8 அடி. பாகலும் புடோலும் விரல் நீளம் வந்ததும் கடதாசிப் பையால் கட்டாவிட்டால் பழ ஈ குத்தும். குத்துப்பட்டு மஞ்சளாகி விழும் பிஞ்சைக் குப்பையில் எறிந்தால் அதிலிருந்தே அடுத்த ஈ வரும். இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும்.

தக்காளியில் பலரும் தவறுவது காலத்தில். மிளகாயோடு சேர்த்து ஐப்பசியில் நட்டால் மழையில் இலை கருகும். சித்திரையில் நட்டால் இரவு வெக்கையில் பூ உதிரும். கார்த்திகைக் கடைசியில் நாற்றுப் போட்டு, மார்கழிக் கடைசியில் நடுங்கள். தை, மாசிக் குளிரில் பூத்துக் காய்பிடிக்கும். போஞ்சி, பீற்றூட், கோவா போன்றவற்றுக்கும் வன்னியில் அந்தக் குளிர்ந்த இரண்டரை மாதம்தான் வாய்ப்பு. சின்ன வெங்காயம் தையில் நட்டால் 65 முதல் 70 நாளில் கிண்டலாம்.

மரவள்ளியை ஐப்பசியில், 3 அடிக்கு ஒரு தடி வீதம் வேலியோரம் நடுங்கள். எட்டுப் பத்து மாதத்தில், வேறெதுவும் இல்லாத ஆனி, ஆடியில் கிழங்கு இழுக்கலாம். மழையில் வேர் பிடித்தபின் அதற்கு இறைப்பே வேண்டியதில்லை. கிணறு வற்றும் வளவுக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் இல்லை. வத்தாளைக் கொடியும் அதே மாதம் வரம்பில் வைக்கலாம். இராசவள்ளிக்கு மட்டும் சித்திரைச் சிறுமழை. மார்கழி, தையில் வெட்டுவோம்.

கீரைக்கு ஒரு பாத்தியை ஆண்டு முழுதும் ஒதுக்கி, ஒவ்வொரு பத்து நாளும் ஒரு சதுர மீற்றரில் முளைக்கீரை தூவினால் 25 முதல் 30 நாளில் சுழற்சியாகப் பிடுங்கலாம். வல்லாரையும் பொன்னாங்காணியும் கிணற்றடியில் சவர்க்காரம் சேராத தண்ணீர் வடியும் ஓரத்தில் வந்துவிடும். முருங்கை, கறிவேப்பிலை, அகத்தி, தவசிமுருங்கை நான்கும் இல்லாத வளவு இருக்கக்கூடாது. கீரை காயும் ஆவணியிலும் இவை இலை தரும்.

சித்திரையில் சிறுமழை பெய்தால் கௌபி, எள்ளு, இன்னொரு தடவை வெண்டி போடலாம். இந்த வெண்டியில் நரம்பு மஞ்சளாகும் வைரஸ் கூடுதலாக வரும், பரப்பும் வெள்ளை ஈ வெக்கையில் பெருகுவதால். முதல் மஞ்சள் இலை கண்ட செடியைப் பிடுங்கிவிடுங்கள். அது மறுபடி பச்சையாகாது.

பழமரம் பற்றிச் சுருக்கமாக: குழியைச் சித்திரை மழை ஈரத்திலேயே தோண்டி வெயிலில் ஆறவிடுங்கள். மாவுக்கு 3 அடி நீள, அகல, ஆழம். வாழைக்கு 2 அடி. நடுவது ஐப்பசி முதல் மழைக்கு. மாவுக்கு 30 அடி, தென்னைக்கு 26 அடி, தேசிக்கு 15 அடி, பப்பாசிக்கு 8 அடி இடைவெளி. முதற்கோடையில் கன்றருகே ஒரு மண்பானையைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவைத்தால் கசிந்தே வேரை நனைக்கும். வாழைக்குத் தாங்குதடி கார்த்திகைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையாகத்தான் நுழைந்தது.

முன்கூட்டியே சேர்க்க வேண்டியவை

திட்டத்தில் பெரும்பாலும் விடுபடுவது இதுதான். புரட்டாதியில் எரு வேண்டுமானால் கூட்டெருக் குவியலை வைகாசியில் கட்ட வேண்டும். அதற்கான வைக்கோலை மாசி, பங்குனியில் சூடடித்த வயலிலிருந்து ஏற்றி வைக்க வேண்டும். ஆவணியில் தேடினால் மாட்டுக்கே கிடையாது. 5 அடி நீளம், 4 அடி அகலத்தில், ஒரு தட்டு வைக்கோல், ஒரு தட்டு சீமைக்கிளுவை இலை, ஒரு தட்டு மாட்டெரு என மூன்றடி உயரத்துக்கு அடுக்கி, வேம்பின் நிழலில் கிடுகால் மூடுங்கள். மாதம் ஒருமுறை புரட்டிப் போட்டு ஈரம் தெளித்தால் மூன்று நாலு மாதத்தில் உக்கிவிடும். பிடித்துப் பிழிந்தால் துளி சொட்டாமல் கை மட்டும் நனைய வேண்டும். வன்னிக் கோடையில் ஈரம் போதாமல் வெறும் சருகாக நிற்பதுதான் அடிக்கடி நடப்பது. உக்காத எருவைப் பாத்தியில் போட்டால் கறையான் ஏறி, எருவோடு வேரையும் அரிக்கும். சதுர மீற்றருக்கு 2 கிலோ என்று கணக்கிட்டால் ஒரு பாத்திக்கு 11 கிலோ.

வேப்பம்பழம் ஆனி, ஆடியில் விழும். அப்போதே பொறுக்கி, சதை கழுவி, நிழலில் காயவைத்துச் சாக்கில் கட்டித் தொங்கவிடுங்கள். பொலித்தீன் பையில் பூஞ்சணம் பிடிக்கும். தேவைப்படும்போது பருப்பை எடுத்து, லீற்றருக்கு 50 கிராம் இடித்து, இரவு ஊறவைத்து, வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து மாலையில் இலையின் அடிப்பக்கம் படத் தெளிக்கலாம். மிளகாய் இலைச்சுருளலுக்குக் காரணமான பனிப்பூச்சிக்கு இது தொடக்கத்தில் உதவும். முழுச்செடியும் சுருண்டபின் பயனில்லை.

வேலியும் விலங்கும்

கட்டாக்காலி மாடு ஒரே இரவில் ஆண்டுத் திட்டத்தை முடித்துவிடும். வேலி அடைப்பை நாற்றுமேடைக்கு முன் முடியுங்கள். கிளுவை, சீமைக்கிளுவைக் கதியால் (உயிர்வேலித் தடி) நடுவது புரட்டாதி, ஐப்பசி மழைக்கு. காய்ந்த மண்ணில் நட்டால் தோல் சுருங்கிச் சாகும்.

குரங்கு வரும் ஊரில் பயற்றையையும் பழத்தையும் வீட்டுப் பக்கமாகவும் பாகல், மிளகாய், மஞ்சள், கருணை ஆகியவற்றைக் காட்டுப் பக்கமாகவும் வையுங்கள். மயில் முளையைக் கொத்தும்; முதல் இரண்டு கிழமை இலந்தை முள்ளோ வலையோ மூடியிருக்க வேண்டும். நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் போன்ற காட்டோர ஊர்களில் வாழைக்கூட்டமும் முற்றிய பலாவும் யானையை வளவுக்குள் அழைக்கும். அங்கே வாழை நடுவதானால் வீட்டுச் சுவரோடு ஒட்டி வேண்டாம். யானை வாழையைத் தேடி வந்து சுவரையும் தள்ளும்.

இடம் மாற்றலும் விதையும்

கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றும் ஒரே குடும்பம். ஒன்று நின்ற பாத்தியில் மற்றதை அடுத்த போகம் வைக்காதீர்கள். பின்னால் பயற்றை அல்லது கௌபி, அதற்குப் பின் கீரை அல்லது வெங்காயம் என்று சுற்றுங்கள். கொப்பியில் பாத்திக்கு இலக்கமிட்டு, எது எப்போது நின்றது என்று எழுதாவிட்டால் இரண்டாம் ஆண்டே மறந்துபோகும்.

பச்சையாக நின்ற தக்காளியோ கத்தரியோ திடீரென வாடினால் அடித்தண்டை அறுத்து, வெட்டுமுகத்தை ஒரு கண்ணாடிக் குவளைத் தெளிந்த நீரில் தொங்கவிடுங்கள். சில நிமிடத்தில் பால்போன்ற மெல்லிய இழை கீழ்நோக்கி இறங்கினால் பக்டீரியா வாடல். அந்தப் பாத்தியில் 3 ஆண்டுக்கு இந்தக் குடும்பமே கூடாது. அதன் வாய்க்கால் நீர் மற்றப் பாத்திக்குப் போகவும் கூடாது. சந்தேகமானால் வாடிய செடியை வேரோடு எடுத்துக்கொண்டு உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

விதை வாங்கும்போது கலப்பினமா என்று பாருங்கள். கலப்பினத்தில் எடுத்த விதை தாயைப்போல் வராது. மகாஇலுப்பள்ளமை விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் உலர்வலயத்துக்கென உருவாக்கிய எம்.ஐ. 2 மிளகாய், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஊதாக் கத்தரி போன்றவற்றில் நீங்களே விதை எடுக்கலாம். நோயற்ற, நடுத்தரக் காய்ப்புக் காலத்துக் காயைச் செடியிலேயே முற்றவிட வேண்டும். கத்தரி மஞ்சளாகி மினுக்கம் போனபின் பறித்து, விதையைக் கழுவி, நிழலில் ஒரு கிழமை உலர்த்தி, சாம்பல் கலந்து போத்தலில் அடையுங்கள். போத்தலில் பயிரின் பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள். கத்தரி விதை சில ஆண்டுகள் நிற்கும். வெங்காய விதை ஓராண்டைத் தாண்டினால் நம்ப முடியாது.

விதைப்புக்கு இரண்டு கிழமைக்கு முன் ஒவ்வொன்றிலும் 10 விதையை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். எட்டுக்கு மேல் முளைத்தால் வழமையான அளவு போதும். ஐந்து முளைத்தால் இரட்டிப்பாகப் போடுங்கள். அதற்கும் குறைந்தால் வேறு விதை தேடுங்கள். அதற்கு இன்னும் சில நாட்கள் கையில் இருக்கும்.